பூசிய சுவர்

சனிக்கிழமைகளில் தேயிலைக் கொழுந்துக்கூடையை இறக்கிவைத்த கையோடு ஹாலிஎலைக்கு இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். முப்பத்தெட்டு வயதில் உனக்கு இது தேவையா என்று எங்கள் லயத்து வீடுகளில் கேட்காத ஆள் கிடையாது. சுபாஜினி டீச்சர் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் நாங்கள் பிழைவிட்டால் அவர் போடும் சத்தத்தில், எங்களை வேலை வாங்கும் கங்காணியே தோற்றுப்போவார்.

போன வாரம் ‘இல்லை’ வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லித்தந்தார். “யூ டூ நாட் சீ” என்பது சாதாரணப் பேச்சு. கேள்வியாக்கினால் “டூ”வும் “நாட்”டும் ஒட்டி “டோன்ட்” ஆகி, “யூ”வுக்கு முன்னால் வந்துவிடும். ஒட்டாவிட்டால் “டூ” மட்டும் முன்னால் போகும், “நாட்” பின்னாலேயே நிற்கும்.

“தனியா விட்டா முன்னுக்கு வராது. நம்மள மாதிரி” என்றேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. “ஒரு வசனம் சொல்லுங்க கலாராணி.”

“டோன்ட் யூ சீ த கிராக்?”

வெடிப்பு உங்கள் கண்ணில் படவில்லையா என்பது நான் நாள்கணக்காக நினைத்து வைத்திருந்த கேள்வி. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் மலைப்பக்கச் சுவரில் கூரையிலிருந்து தரைவரை வெடிப்பு. மழைக்கு மழை அகலமாகிறது. மலை சரிந்து மீரியபெத்த தோட்டத்து லயங்களை ஆட்களோடு மண் மூடியதிலிருந்து, இரவில் மழை பெய்தால் எழுந்து வெடிப்பைத் தடவிப் பார்ப்பேன். புதன்கிழமை, வீடு கட்டித்தரும் நிறுவனத்திலிருந்து வெள்ளைக்கார இன்ஜினியர் வருவதாக இருந்தது. ஆபத்து என்று அவர் எழுதினால்தான் எங்களுக்கு வேறு இடத்தில் வீடு.

புதன்கிழமை கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஓடிவந்து பார்த்தால், சுவரில் வெடிப்பைக் காணோம். என் வீட்டுக்காரர் தயாபரன் களிமண் பூசி, சுண்ணாம்பும் அடித்திருந்தார்.

“பெரிய ஆளு வர்றாரு. சுவரு பொளந்து கெடந்தா நம்மள பத்தி என்ன நெனைப்பாரு?”

தோட்டத்துத் துரை வந்தாலும் சாமி வந்தாலும் சுவர் பூசுவது எங்கள் ஆட்களின் வழக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டக்கூட நேரமில்லை, ஜீப் வந்துவிட்டது.

இன்ஜினியர் உள்ளே வந்து சுவரைப் பார்த்தார். “குட்” என்றார்.

“நல்லா இருக்குன்னு சொல்றாரு” என்றார் கூடவந்த தோட்ட ஆபீஸ் கிளாக்கரையா.

“ஆமாங்க” என்றது வாசலில் நின்ற கூட்டம். என் வீட்டுக்காரர் குரல்தான் முதலில் கேட்டது. இன்ஜினியர் நோட்டை மூடினார்.

மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்துச் சுவரில் ஒரு போடு போட்டேன். ஈரப்பூச்சு பாளம் பாளமாக விழுந்தது.

“கலாராணி! என்ன வேலை இது?” கிளாக்கரையா கத்தினார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரரைப் பார்த்துக் கேட்டேன். “டோன்ட் யூ சீ த கிராக்?”

குரல் நடுங்கியது. வசனம் நடுங்கவில்லை.

அவர் தன் பேனாவை வெடிப்புக்குள் விட்டார். முழுசாக உள்ளே போயிற்று. பிறகு கீழே விரித்திருந்த பாயைப் பார்த்தார்.

“ஹூ ஸ்லீப்ஸ் ஹியர்?” அங்கே படுப்பது யார் என்று கேட்டார்.

“மை டோட்டர்.”

அவர் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாத என் வீட்டுக்காரர் குனிந்து, மகளின் பாயைச் சுருட்டி, வெளியே எடுத்துப்போனார்.