பெரிய தொட்டியில் கலக்க வேண்டியது

"சவப்பெட்டிய இன்னும் மூடக்கூட இல்ல அண்ணி, அதுக்குள்ள..."

"மூடினப்புறம் சொன்னா மட்டும் உனக்கு இனிக்குமா?"

"...அண்ணனோட கடைசி ஒயினை, கண்ட தோட்டத்து ஒயினும் போற பெரிய தொட்டியில கலக்கச் சொல்றீங்களே!"

"கத்தாதே. மேல ஜெபம் நடக்குது."

துக்கத்துக்குப் போட்ட கறுப்புச் சட்டையின் கைகளைச் சுருட்டிவிட்டு, நிலவறையில் அந்த ஒயின் பொங்கும் தொட்டியின் ஏணியில் நின்றிருந்தாள் டெல்ஃபினா. மேலே கூடத்தில் அவள் கணவர் துல்லியோவைக் கிடத்தியிருந்தார்கள். சாவு வீடு என்று திராட்சைக்குத் தெரியுமா? நுரைத்துக்கொண்டு மேலே வரும் தோலைக் கட்டையால் அமுக்கி நனைக்காவிட்டால் காடியாய்ப் புளித்துப்போகும். அறுவடைக் காலத்துச் சாவென்றால் அந்தக் குன்றுகளில் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் பாதி ஜெபத்தில் எழுந்து கீழே போவார்கள்.

அவள் பின்னாலேயே வந்துவிட்டான் கொழுந்தன் ரெமீஜியோ.

"நம்ம வெனான்ஸியோ மேட்டுத் தோட்டத்து ஒயின் எப்பவும் போலத் தனியாத்தான் பாட்டிலுக்குப் போகும். இந்த வருஷம் லேபிள்ல அண்ணன் பேரும் இருக்கும். ஆல்பாவிலேர்ந்து வந்த வியாபாரி இப்பவே கேட்டுட்டான்."

"கேக்காம இருப்பானா? செத்தவர் பேர்னா கிராக்கிதானே."

"உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா அண்ணி?"

அவள் கட்டையை அமுக்கினாள். சிவப்பு நுரை வழிவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

கல்மழையில் அடிபட்டது அந்த மேட்டுப் பழம். இன்னும் கொஞ்சம் இனிக்கட்டும் என்று துல்லியோ பறிக்க விடவில்லை. மூடுபனி கவிந்தது, விலகவேயில்லை. வெடித்த பழத்தில் பூஞ்சை இறங்கிவிட்டது. படுக்கையில் கிடந்தபடியே அந்த ஒயினில் ஒரு கிளாஸ் கொண்டுவரச் சொன்னார். வாயில் உருட்டினார். கிண்ணத்தில் துப்பினார்.

"என் பேராசை, டெல்ஃபி. அந்த மேட்டு மண்ணு மேல தப்பில்ல. பெரிய தொட்டியில கலந்துடு, இந்த வாடை அதுல கரைஞ்சிடும்."

அதைக் கேட்டது அவள் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டால் போதும், அவர் பெயர் இன்னும் பல வருஷம் ஊர் ஊராக மேஜைமேல் நிற்கும். வாயைத் திறந்தால், ஊரே மெச்சுகிற மனிதர் கடைசியாகச் செய்த தப்பை அவருடைய பெட்டி பக்கத்திலேயே எடுத்து வைத்த மாதிரி ஆகும். இரண்டுமே அவளால் முடியவில்லை.

ஏணியிலிருந்து இறங்கினாள். தொட்டியின் சின்னக் குழாயைத் திருகி, கலங்கலாக, இளஞ்சூடாக வந்ததைக் கிளாஸில் பிடித்து நீட்டினாள்.

"குடிச்சுப் பாத்தியா நீ?"

"இன்னிக்கு எப்படி அண்ணி..."

"பாரு."

ரெமீஜியோவும் அந்த வீட்டுப் பிள்ளைதான். ஒரு வாய் எடுத்தான், உருட்டினான். கன்னம் அசைவது நின்றது. துப்புவதற்கு இடம் தேடியவன்போல் தரையைப் பார்த்தான். பிறகு, மேலே ஜெபம் கேட்கும் திசைக்கு ஒருமுறை தலையைத் தூக்கிவிட்டு, விழுங்கினான்.

கிளாஸில் பாதிக்குமேல் மீதி இருந்தது. டெல்ஃபினா சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"இன்னொரு வாய் குடிக்கிறியா, ரெமீஜியோ?"