நிறுத்திய ஊசி

ஜெஸ்மியின் கை விறைத்துவிட்டது. கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளை ஜாக்கெட்டை சத்தியபாயால் மகளுக்குப் போட முடியவில்லை. நாத்தனார் கத்தரியால் ஜாக்கெட்டின் முதுகைக் கிழித்துக் கொடுத்தாள்.

"இனி யாரு பாக்கப்போறா?"

ஜெஸ்மிக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. பதினான்கு வருஷமாக இன்சுலின் ஊசியை ஒருவேளைகூட அவள் மறந்ததில்லை. இரணியல் மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியக்கூடாது என்று அப்பா ஜான்ரோஸ் வெளியூரில் ஒரு கிளினிக்கைக் கண்டுபிடித்தார். ஸ்டெம் செல் ஏற்றினால் உடம்பே இன்சுலின் சுரக்கும் என்றார்கள்.

"அது இன்னும் ஆராய்ச்சிலதான்ப்பா இருக்கு. இவனுவ சும்மா சொல்லுகானுவ."

"உனக்க தீனத்த ஊரறிய வைக்கணுமாட்டி?"

அவள் அவரோடு கிளினிக்குக்குப் போனாள்.

ஏற்றி அனுப்பும்போது, இனி இன்சுலினைத் தொடவே கூடாது என்றார்கள். ஜான்ரோஸ் வீட்டிலிருந்த மருந்தையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை சத்தியபாயிடம் கொடுத்தார்.

மறுநாள் வாந்தி. அதற்கடுத்த நாள் காலையில், படுத்திருந்தவள் ஓடி வந்தவளைப்போல் மூச்சிரைத்தாள்.

"அம்மா, ஒரு ஊசி மட்டும் போடட்டா? அப்பாட்ட சொல்லாண்டாம்."

சாவி சத்தியபாயின் இடுப்பில் இருந்தது.

"மருந்து பிடிக்குது மக்களே. சாயங்காலம் வரைக்கும் பொறு."

சாயங்காலம் ஜெஸ்மிக்குப் பேச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டாள். "இன்சுலினை யார் நிறுத்தினது?"

"அவதான். கல்யாண நெனப்புல மறந்துபோட்டா," என்றார் ஜான்ரோஸ்.

டாக்டரம்மா சத்தியபாயைப் பார்த்தாள். சத்தியபாய் தரையைப் பார்த்தாள்.

விடிவதற்குள் சாவுச் செய்தியோடு அந்தப் பேச்சும் ஊருக்குள் வந்துவிட்டது. படித்த பிள்ளைக்குத் தன் உடம்பைப் பார்க்கத் தெரியவில்லையே என்று சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அம்மா வந்து சத்தியபாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா? எனக்க மூத்தவளுக்கும் சின்னதுலேயே இந்த ஊசிதான். ரெண்டு பெத்தாச்சு."

சத்தியபாய் ஜான்ரோஸைத் தேடினாள். அவர் முற்றத்தில் நின்று பாதிரியாரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஞாபகப்படுத்தலையா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்.

"படுத்தினேன்," என்றாள் சத்தியபாய். "சொன்னா கேக்க மாட்டா."

ஜெபம் முடிந்து பெட்டியைத் தூக்கினார்கள். வாசலில் ஒரு கதவு மட்டுமே திறந்திருந்தது, பெட்டி இடித்தது. யாரும் சொல்லுமுன் சத்தியபாய் முன்னால் போனாள். துருப்பிடித்திருந்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்து, மற்றக் கதவையும் திறந்துவிட்டாள்.