பொடக்காலிக் கதவு

அகராதியே புரட்டாத மனுசனுக்கு இன்றைக்கென்ன திடீர்த் தமிழ் ஆசை என்று நினைத்தாள் சாந்தாமணி. கணவர் பாலுசாமி காபியை ஆற்றியபடி விளக்கிக்கொண்டிருந்தார்.

“நம்ம பொடக்காலி இருக்குதே, அது புழைக்கடைங்கற சொல்லுதான் அம்மணி. புழைன்னா ஓட்டை, கடைன்னா வாசல். போன்ல பாத்தேன். வெறும் ஓட்டைதானே, அடைச்சுப்போடலாம்.”

அந்தக் கொல்லைப்புறக் கதவு வழியாகத்தான் பின்வீட்டிலிருக்கும் அவர் தம்பி மனைவி ரித்திகா போர் தண்ணீர் பிடிக்க வருவாள். பாகம் பிரித்தபோது போர் இரண்டு வீட்டுக்கும் பொது என்று பேச்சு. கதவை அடைத்துவிட்டால் தண்ணீர் யாருக்கு மிஞ்சும் என்பதை எந்த விளக்கமும் மறைக்கவில்லை.

“கொத்தனார் நாளைக்கு வாராரு. ரித்திகாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிப்போடு.”

“நான் சொல்ல மாட்டேனுங்க” என்றாள் சாந்தாமணி, குரலை உயர்த்தாமல்.