ஹேசல் மரத்திடம் சொன்னது

நீரோட்டம் பார்க்கும் கிழவர் மிலிசாவ் கையிலிருக்கும் ஹேசல் கொட்டை மரக் கவைக்குச்சி எங்கே குனிகிறதோ, அங்கே தோண்டினால் தண்ணீர் நிச்சயம். அந்த மலைச்சரிவில் இருக்கும் பதினேழு கிணறுகளே அதற்குச் சாட்சி. அதனால்தான் பக்கத்து வீட்டுக் கோசாராவின் ஊற்று வற்றியதும் ஊரே அவரைக் கூப்பிடச் சொன்னது.

கோசாரா விதவை, வீம்புக்காரியும்கூட; வேலியோரம் அவரோடு சண்டை போடாத நாளில்லை. தன் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளும்படி மிலிசாவ் சொன்னபோது, மனைவியை இழந்தவர் வீட்டு வாசலை மிதித்து ஊர் வாயில் விழ மாட்டேன் என்று மறுத்துவிட்டாள். பனிக்காலத்துக்குள் தண்ணீர் வராவிட்டால் நோவி சாத் நகரத்தில் இருக்கும் மகளிடமே போய்விடுவதாக முடிவும் செய்திருந்தாள்.

மிலிசாவ் அவள் தோட்டத்தை ஒரு காலைப் பொழுது முழுக்க நடந்து அளந்தார். பிளம் மரத்தடியில் குச்சி குனிந்தது. ஒன்பது மீட்டர் தோண்டியும் புழுதிதான் வந்தது. மனிதருக்கு வயதாகிவிட்டது என்று கோசாரா அவருக்காகவே வருந்தினாள்.

பாதிரியாரிடம் சொல்லக் கூசுவதை அந்தப் பக்கத்தில் ஹேசல் மரத்திடம் சொல்வார்கள். இடி விழாத, பாம்பு அண்டாத மரத்தை நம்பாமல் வேறு யாரை நம்புவது? தற்செயலாக அதைக் கேட்டுவிட்டவர் மூச்சு விடக்கூடாது, சொன்னவரிடம்கூட.

மறுநாள் ஓடைக்கரை ஹேசல் புதருக்குள் கோசாரா கொட்டை பறித்துக்கொண்டிருந்தபோது, மறுபக்கம் மிலிசாவ் வந்து தொப்பியைக் கழற்றினார். நெற்றியைக் கிளையில் சாய்த்துக்கொண்டார்.

"குச்சி அசையவே இல்ல. நான்தான் மணிக்கட்ட வளைச்சேன். தண்ணி இல்லன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே மூட்டை கட்டியிருப்பா. அவ போயிட்டா நான் யார்கூட சண்டை போடுவேன்?"

ஒன்பது மீட்டர்! கோசாராவுக்கு முதலில் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் தள்ளாடி நடந்து போகும் அவர் முதுகைப் பார்த்ததும் அது எங்கேயோ போய்விட்டது. தான் இல்லாவிட்டால் தவித்துப்போக ஓர் ஆள் இருக்கிறார் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் இரண்டு வாளிகளோடு அவர் கிணற்றடியில் போய் நின்றாள். ஊர் பேசுமே என்றார் மிலிசாவ். பேசட்டும் என்றாள். பிளம் மரத்தடிக் குழியை என்ன செய்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அது கெடக்கட்டும். காலையில ஒருதரம் வருவேன், சாயங்காலம் ஒருதரம் வருவேன்," என்று வாளியை இறக்கினாள். "சண்டை போட அது போதுமில்ல?"

மிலிசாவ் தொப்பியைக் கழற்றிவிட்டு, கயிற்றைப் பிடித்து இழுத்தார்.