முன்னாடி ஒண்ணு

திங்கட்கிழமைகளில் காரை வீட்டில் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வாருங்கள் என்று அலுவலகத்தில் சுற்றறிக்கை வந்தது. அதை உட்கார்ந்து பத்தி பத்தியாக எழுதியவர் கிளார்க் சக்கரபாணி. எழுதிவிட்டு, அடுத்த மூன்று திங்களும் அவர் மட்டும் காரிலேயே வேங்கிக்கால் அலுவலகத்துக்கு வந்து இறங்கினார். மனிதருக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

பக்கத்து மேசை எழிலரசி விடவில்லை. "எல்லாருக்கும் எழுதிக் குடுத்துட்டு நீங்களே இப்படிப் பண்ணா எப்படி சார்? ஒரு நாள் வந்துதான் பாருங்களேன்."

மழை நாளில் எழிலரசி அவர் காரில் ஏறிக்கொண்டால் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும். முன் சீட்டு திரௌபதியுடையது. மனைவி போய் இரண்டு வருஷமாகியும், "அது வீட்டுக்காரம்மா சீட்டு" என்பார், ஏதோ அடுத்த தெருவில் ஏறப்போகிறவள் மாதிரி.

திரௌபதி வேங்கிக்காலில் டீச்சர். பதினெட்டு வருஷம் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார்கள். அவள் முன்வாசலில் பெண்களோடு ஏறுவாள், அவர் பின்வாசலில். டிக்கெட் அவர் எடுப்பார். நெஞ்சுவலி வந்து அவளால் நிற்க முடியாமல் போன பிறகுதான் பழைய கார் ஒன்றை வாங்கினார். அதில் எட்டே மாதம் உட்கார்ந்தாள், பாவம்.

நாலாவது திங்கள் எழிலரசியின் பேச்சு பொறுக்காமல் தேரடியில் தனியார் டவுன் பஸ் ஏறினார். பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. நல்ல கூட்டம், பழைய வியர்வை வாசனை, ஜன்னலில் கூடவே வரும் மலை. அவருக்கு மனசு லேசாகக்கூட ஆனது. அப்போதுதான் கண்டக்டர் வந்தார்.

"வேங்கிக்கால் ரெண்டு. முன்னாடி ஒண்ணு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கண்டக்டர் இரண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் குரல் கொடுத்தார். "வேங்கிக்கால் ஒண்ணு பின்னாடி எடுத்தாச்சு. யாரும்மா அது?"

பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் தலையாட்டவில்லை. அவர்களுக்கு நடுவே நின்ற எழிலரசி அவரைப் பார்த்ததும் யாருக்கென்று புரிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னா சார், அவங்க ஏறலியா? விட்டுட்டு வந்துட்டீங்களா?"

சக்கரபாணி இரண்டு வருஷமாக ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லாததை, முன்பின் தெரியாத கண்டக்டரிடம் சொன்னார்.

"அவங்க இல்லீங்க. செத்துட்டாங்க."

கண்டக்டர் ஒரு டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். சக்கரபாணி கொடுக்கவில்லை.