ஹாஜிரிப் பேர்

என் பேர் சண்முகவடிவு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல வாய் வருமோ வராதோ.

தாராவியில் ஒரு தோல் ஷாப்பில் எனக்குக் கடுக்காய் உடைக்கிற வேலை. தோலைப் பதப்படுத்தக் கடுக்காய்த் தூள் வேண்டுமே, அதற்காக மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கல்லில் வைத்து உடைத்து, கொட்டையைத் தள்ளிவிட்டு மேல்சதையை மட்டும் கூடையில் சேர்க்க வேண்டும். தகரக் கொட்டகைக்குள் நாற்பத்தோரு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் முழுக்க உடைக்கிறோம். எல்லாரும் திருநெல்வேலிச் சீமை. விரலில் ஏறிய கறை ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாலும் போகாது.

காலை ஏழு மணிக்கு ஹாஜிரி. பேர் கூப்பிட்டு ஆள் வந்தாச்சா என்று பார்க்கிறதைப் பம்பாயில் அப்படித்தான் சொல்வார்கள். கூப்பிடுகிறவன் முக்காதம் நயினார். முக்காதம் என்றால் எங்கள் ஊரில் சொல்கிற மேஸ்திரி. வேலைக்கு வைக்கிறவனும் அவன்தான், நிறுத்துகிறவனும் அவன்தான், குடியிருக்க அறை கொடுக்கிறவனும் அவன்தான். நீளப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, கடைசியில், "தங்கத்தாய்" என்பான். நான் எழுந்து, "இருக்கேன்" என்பேன்.

தங்கத்தாய் என் அக்கா. அவள் செத்து ஐந்து வருஷம் ஆகிறது.

அக்கா காய்ச்சலில் போனபோது அவளுடைய இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்னை ஊரிலிருந்து ரயிலேற்றி விட்டார்கள். காரியம் முடிந்ததும் அத்தான் சொரிமுத்துவுக்கே என்னைக் கட்டிவைத்தார்கள். அதெல்லாம் எங்கள் பக்கம் நடக்கிறதுதான், அதற்கு நான் அழவில்லை. அழுதது அடுத்த வாரம். இனிமேல் புதிதாகப் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டிருந்தார். பெண் என்றால் பிள்ளை பெறுவாள், அதற்குச் சட்டப்படி பணம் கொடுக்க வேண்டுமாம். அக்காதான் கடைசியாகச் சேர்ந்தவள். நயினார் தாடையைச் சொறிந்துகொண்டே யோசித்தான். "அவ செத்ததை நான் புஸ்தகத்துல எழுதல. அவ எடத்துல போய் நீ உக்காரு. அவ பேரைக் கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லு" என்றான். அக்காவின் பித்தளை வில்லையை என் கையில் கொடுத்தான். அதில் நாற்பத்தொன்று என்று வெட்டியிருந்தது.

வேலை அவள் பேரில், அறை அவள் பேரில், ரேஷன் கார்டும் அவள் பேரில். நாலு பேர் காதில் விழ வேண்டுமே என்று என் புருஷனும் என்னைத் தங்கம் என்று கூப்பிடத் தொடங்கினார். பிறகு அறைக்குள்ளும் அதுவே பழகிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். கொட்டகையில் இருக்கிற எல்லாருக்கும் விஷயம் தெரியும். தெரியாத மாதிரி இருக்கவும் தெரியும். வடிவு என்று கூப்பிட ஊரில் அம்மா ஒருத்தி இருந்தாள், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம், எலெக்‌ஷன் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. கவுன்சிலர் ஒருவர் ஷாப்பைப் பார்க்க வந்தார். எங்களுக்குக் கக்கூஸ் கிடையாது. ஆண்களுக்கு நாலு இருக்கிறது. நாங்கள் விடியுமுன் கடற்கழிச் சேற்றுப் பக்கம் போய் வந்தால் வந்தோம், இல்லாவிட்டால் இருட்டும் வரை அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கப் பயம். அதைக் கேட்கலாம் என்று நான்தான் எழுந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் நயினாரைப் பார்த்து, இங்கே எத்தனை ஓட்டு என்று இந்தியில் கேட்டார். ஆம்பளைகள் ஐம்பது பேர் என்றான் நயினார். அவர் அப்படியே ஆண்கள் பக்கம் திரும்பிப் போய்விட்டார். நாற்பத்தோரு பேர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறோம், பாவி மனுஷன்! கடுக்காய் மூட்டையைப் பார்க்கிற மாதிரிகூட எங்களைப் பார்க்கவில்லை.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் மாட்டுங்காவிலிருந்து ஒரு குமாஸ்தா ஓட்டர் பட்டியல் எழுத வந்தார். பஞ்சாபகேசன் என்று பேர். மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, "இருபத்தோரு வயசு ஆன எல்லாருக்கும் இனிமே ஓட்டு உண்டு. பொம்மனாட்டிகளுக்கும் உண்டு. ஒவ்வொருத்தரா பேர் சொல்லுங்கோ" என்றார்.

ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒருத்தி, பக்கத்தில் இருந்த பாகீரதியைக் காட்டி, "இவ மாடசாமி பெண்டாட்டி" என்றாள். புருஷன் பேரைச் சொந்த வாயால் சொல்லக் கூடாதே. உடனே பாகீரதி, "அவ இசக்கியோட அம்மை" என்றாள். இப்படியே ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டு போனார்கள். குமாஸ்தா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாரோட பொண்டாட்டி, இன்னாரோட அம்மான்னு எழுதிண்டு போனா மேல் ஆபீஸ்ல கோடு போட்டு அடிச்சுடுவா. அது பேராகாது. உங்க சொந்தப் பேர் வேணும்."

"நயினாரு புஸ்தகத்தைப் பாத்துக் கூப்பிடுதான், அம்புட்டுதான். எம் பேர எங்க மாமியாகூடக் கூப்பிட்டதில்ல. கண்டவங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்று பாகீரதி என் காதில் கிசுகிசுத்தாள்.

அவர் பொறுமையான மனிதர். சனிக்கிழமை மறுபடி வருவதாகச் சொன்னார். வாயால் சொல்கிற பேரும் ஹாஜிரிப் புத்தகத்தில் இருக்கிற பேரும் ஒத்திருந்தால் போதுமாம். ஆறு மாதமாக இந்த இடத்தில் இருந்ததற்கு அந்தப் புத்தகம்தான் அத்தாட்சியாம்.

"சாமி, புஸ்தகத்துல பேரு இல்லாதவளுக்கு?" என்று கேட்டேன்.

"அவளைத் தெரிஞ்சவா ரெண்டு பேர் சாட்சி சொன்னா எழுதிக்கலாம். உன் பேர் என்ன?"

நயினார் பத்தடி தள்ளி நின்றான். "கடைசியாச் சொல்லுதேன், சாமி" என்றேன்.

அந்த நாலு நாளும் நான் சும்மா இருக்கவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகப் பிடித்து உலுக்கினேன். "ஏளா, கூறுகெட்ட மூதியளா! அன்னைக்கு அந்த ஆளு நம்மளத் திரும்பிப் பாத்தானா? ஆம்பளை அம்பதுன்னு இவன் சொல்லுதான், அவன் போறான். பேர் எழுதினா நாமளும் நாப்பத்தொண்ணு. அடுத்த தடவ வந்தா நின்னு கேட்டுட்டுத்தான் போவணும். பேரச் சொன்னா என்ன, வாய் வெந்தா போயிரும்?"

முதலில் சிரித்தார்கள். பிறகு பயந்தார்கள். பிறகு பேச்சியக்கா என்ற மூத்தவள், "பேச்சியம்மாள்" என்று தன் பேரைத் தானே ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்குக் கொட்டகையே சிரித்தது. வெள்ளிக்கிழமை வருவதற்குள் நாற்பது பேரும் பழகிவிட்டார்கள். பாகீரதி என் கையைப் பிடித்து, "கக்கூஸ் கேக்கப் போறன்னைக்கு நீதான்க்கா முன்னால நின்னு பேசணும்" என்றாள். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எல்லாருக்காகவும் பேசப் போகிறவள் யார் பேரில் போய் நிற்பாள்?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நயினார் கூப்பிட்டான்.

"என்ன தங்கத்தாய், ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் பேரு வாங்கிக் குடுக்கியாக்கும்? ஒம் பேரு எதுன்னு நான் சொல்லட்டுமா?"

கறை படிந்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"புஸ்தகத்துல ஒரு கோடு கிழிப்பேன். அம்புட்டுதான். வேலை போச்சு, ரூம் போச்சு, கார்டு போச்சு. என்னைக் கேட்டா அவ என்னையும் ஏமாத்திட்டான்னு சொல்லிட்டுப் போறேன். சனிக்கிழமை ஒழுங்கா இரு."

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னேன். அவருக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. காலிரண்டும் புண். துணியை அவிழ்த்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "சோறு எந்தப் பேருல வந்தா என்ன?" என்றார்.

"அது சரி அத்தான். நான் செத்தா எந்தப் பேரச் சொல்லி எரிப்பிய?" என்று கேட்டேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் நகர்த்தி வைத்தார்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். போகிறது போகட்டும். பாகீரதியும் பேச்சியக்காவும் சாட்சி சொல்கிறேன் என்று சத்தியம் செய்திருந்தார்கள். அவர்களுக்கும் வேலை போகலாம், தெரிந்தே ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையிலிருந்து கடுக்காயை உடைக்கும்போதெல்லாம் ஒரு அடிக்கு ஒருமுறை வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். சண்முகவடிவு. சண்முகவடிவு. வேறு எவளோ ஒருத்தியின் பேர் மாதிரி இருந்தது.

பத்து மணிக்குக் குமாஸ்தா வந்தார். கொட்டகை வாசலில் மேஜை போட்டார்கள். நயினார் பக்கத்தில் நின்று புத்தகத்தைப் பிரித்தான். அவன் ஒரு பேரைக் கூப்பிடுவான், அவள் எழுந்து தன் பேரைத் தானே சொல்ல வேண்டும், குமாஸ்தா எழுதிக்கொள்வார். பேச்சியக்கா அதட்டுகிற குரலில் சொன்னாள். பாகீரதிக்கு முதலில் காற்றுதான் வந்தது. குமாஸ்தா, "என்னம்மா?" என்றதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "பாகீரதி!" என்று கத்திவிட்டாள். நாற்பது பேரும் சொன்னார்கள். ஒருத்தி தவறவில்லை. எனக்குப் பெருமையில் கண் நிறைந்துவிட்டது. அடுத்தது நான்தான் என்று மனசுக்குத் தெரியும். சண்முகவடிவு, சண்முகவடிவு என்று நாக்கு தயாராக இருந்தது.

நயினார் தலையைத் தூக்கவில்லை. தினமும் கூப்பிடுகிற அதே குரலில், அதே இழுப்பில் கூப்பிட்டான்.

"தங்கத்தாய்."

"இருக்கேன்."

நான் சொல்லவில்லை. சத்தியமாக நான் சொல்லவில்லை. ஐந்து வருஷமாகப் பழகின கால் எழுந்தது, ஐந்து வருஷமாகப் பழகின வாய் சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. சாட்சி சொல்ல எழுந்த பாகீரதி என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தாள். நயினார் கூப்பிட்ட பேரையே குமாஸ்தா எழுதிவிட்டார். "பேஷ், என் வட்டாரத்துல வேற எங்கயும் பொம்மனாட்டிகள் இப்படித் துணிஞ்சு சொல்லலே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நயினார் நாற்பத்தொன்று என்று எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டான்.

குமாஸ்தா ரோட்டு முனையைத் தாண்டுவதற்குள் ஓடிப்போய் மறித்தேன். மூச்சு இரைத்தது.

"சாமி, அந்தப் பேரு எனக்குள்ளது இல்ல. அது எங்க அக்கா. செத்துட்டா."

"அடப் பாவமே! இதை அங்கேயே சொல்லப்படாதோ?"

"வாய் வரல்ல, சாமி."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காகிதத்தை எடுத்து, கடைசி வரிமேல் பென்சிலை வைத்துக்கொண்டார். "அடிச்சுடலாம். ஆனா நாப்பத்தொண்ணுன்னு அவன் கையெழுத்துப் போட்டிருக்கான். நீ எங்கூடத் திரும்பி வந்து அவன் எதிர்ல சாட்சியோட சொல்லணும். உன் பேரை எழுதறேன். வரலேன்னா இதுவேதான் இருக்கும். ஒண்ணு தெரிஞ்சுக்கோ, அடுத்தவா பேர்ல ஓட்டுப் போட்டா ஜெயில்ல போடுவா."

நான் திரும்பிப் பார்த்தேன். ஷாப் வாசலில் நயினார் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் என் புருஷன், கட்டுப்போட்ட காலோடு தொட்டிப் பக்கம் நொண்டிக்கொண்டு போனார். அக்கா பிள்ளைகள் இரண்டும் அறையில் இருக்கும். அந்த அறையும் இல்லையென்றால் எங்கே போய் நிற்கும்? காலையில் எனக்கு இருந்த ரோசமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதை அந்த ஒரு வார்த்தையிலேயே செலவழித்துவிட்டேன் போலிருக்கிறது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"இருக்கட்டும், சாமி" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டுக் காகிதத்தை மடித்தார்.

"சாமி, வயசு என்ன போட்டிருக்கிய?"

"புஸ்தகத்துல பாத்து முப்பத்தாறுன்னு போட்டிருக்கேன்."

"எனக்கு இருபத்தெட்டு. அதையாவது மாத்துங்க."

அவர் காகிதத்தை விரித்து, ரப்பரால் அழித்து, எழுதினார்.

மழை முடிந்து பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். எல்லாரும் கூட்டமாகப் போனோம். மராட்டி எழுத்து. எங்களில் ஒருத்திக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் எண் தெரியும், மூட்டையிலும் மராட்டி எண்தான் எழுதியிருக்கும். வழியில் போன ஒருவரை நிறுத்திப் படிக்கச் சொன்னோம். தன் பேர் வந்ததும் பாகீரதி அந்த வரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ எங்கே இருக்கே, அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கடைசி வரியில் எழுத்தையெல்லாம் தாண்டிப் போய், ஓரத்தில் இருந்த இருபத்தெட்டின் மேல் விரலை வைத்தேன். "இதுதான் நான்" என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நயினார் புத்தகத்தைப் பிரித்தான். நாற்பது பேர் சொன்னார்கள். பிறகு நானும் எழுந்து, இருக்கேன் என்றேன்.