மன்னார்க் கடல் அமைதியாக இருக்கும்

வாரத்தில் ஐந்து நாளும் ஜெயரட்ணம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் யாரும் திரும்பிப் பார்க்காத ஆள். சனிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் மட்டும் ஸ்காபரோவில் அவருடைய குரலைத் தெரியாத தமிழர் குறைவு. பலசரக்குக் கடையொன்றின் மேல்மாடியில், கீழேயிருந்து கருவாட்டு மணம் ஏறிவரும் ஓர் அறையில், ஒரேயொரு ஒலிவாங்கியை வைத்துக்கொண்டு நடந்த வானொலி அது. மரண அறிவித்தல், நகைக்கடை விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து, இவற்றுக்கு நடுவில் ஏழேகாலுக்கு 'கடற்கரை, மலை, பாலைவனம்' என்றொரு வானிலைப் பகுதி.

ரொறொன்ரோ வானிலைக்கு யன்னலைத் திறந்தால் போதும். நேயர்கள் கேட்டது வேறு. ஹபீபுல்லாஹ்வின் மகன் றியாத்தில் லொறி ஓட்டினான்; அங்கே எத்தனை டிகிரி கொளுத்துகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அருள்நாயகி ரீச்சருக்குப் பண்டாரவளையில் இருக்கும் தங்கச்சி குளிரில் நடுங்குகிறாளா என்ற கவலை. மிச்சப் பேருக்கெல்லாம் கடற்கரை.

பாலைவனத்துக்குக் கஷ்டமில்லை. ஆங்கிலப் பத்திரிகையின் உலக நகரங்கள் பட்டியலில் றியாத் இருந்தது. மலைக்குக் கொழும்பின் எண்ணிலிருந்து பத்தைக் கழித்தார். அதில் பெரிய பிழை வராது. கடற்கரைக்குத்தான் வழியில்லை. மன்னாரை எந்தப் பத்திரிகைக்காரன் கண்டான். ஒருநாள் அவசரத்தில், "மன்னார்க் கடல் அமைதியாக இருக்கும், மெல்லிய காற்று வீசும்" என்று தன்பாட்டில் வாசித்துவிட்டார். அன்றைக்கு நாலு பேர் தொலைபேசி எடுத்து, கேட்க மனதுக்கு ஆறுதலாக இருந்தது என்றார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் மன்னார்க் கடல் ஒரு சனிக்கிழமைகூடக் கொந்தளிக்கவில்லை. மனிதருக்கு இதில் துளி வெட்கமும் கிடையாது. பிறந்தநாள் வாழ்த்தைப் போல இதுவும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும், கோட்டில் பனி ஒட்டியிருக்க ஒரு பெண் படியேறி வந்தாள். கையில் ஒரு பெட்டி நிறைய மீன் ரோல்ஸ்.

"அண்ணை, நான் எமில்டா. டோர்செட் பார்க்கிலை இருக்கிறன். உங்களுக்கு நன்றி சொல்லவேணும் எண்டு நேரை வந்தனான்."

"என்னத்துக்குத் தங்கச்சி?"

"என்ரை தம்பி சீமோன், பெண்சாதி, ரெண்டு பிள்ளையள். மன்னார்க் கரையிலை, பேசாலையிலை மூண்டு மாசமா நிக்கினம், இந்தியாவுக்குப் போக. வள்ளக்காரன் எப்பவும் கடல் நல்லம் எண்டுதான் சொல்லுவான், காசு வாங்கிறவன் எல்லோ. அவையளுக்கு நம்பிக்கையில்லை. இண்டைக்கு நீங்கள் புதன் வரைக்கும் கடல் அமைதி எண்டு சொன்னனீங்கள். உடனை போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். இரவு பத்து மணிக்கு வெளிக்கிடுகினம்."

ஜெயரட்ணம் ரோல்ஸ் பெட்டியை மேசையில் வைத்தார்.

"வானொலியிலை சொன்னதை வைச்சோ?"

"கனடாவிலை சாட்டிலைற்றிலை பாத்தெல்லோ சொல்லுகினம் எண்டு சொன்னனான். பிறகுதான் தம்பியின்ரை மனிசி ஓம் எண்டவ."

சுவரிலிருந்த மணிக்கூடு எட்டுப் பத்தைக் காட்டியது. அங்கே இரவு ஏழு மணி பத்து நிமிடம். பேசாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு வராமல் இல்லை. கடல் உண்மையிலேயே அமைதியாக இருக்கவும் கூடும். அப்படியானால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது, சனிக்கிழமைகளும் அவருடையதாகவே இருக்கும். அப்படி நினைத்ததற்காக அவருக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது.

"தங்கச்சி, அவையளை மறியுங்கோ," என்றார். "அது நானா இட்டுக்கட்டிச் சொன்னது. மன்னார்க் கடலைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

எமில்டா கத்தவில்லை. கைப்பைக்குள் கையை விட்டுத் தொலைபேசி அட்டையைத் தேடினாள்.

"அங்கை போன் கடையை எட்டு மணிக்குப் பூட்டிப்போடுவினம்," என்றாள்.

முதல் தடவை இணைப்பே கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை யாரோ சிங்களத்தில் பேசினார்கள். ஆறாம் தடவை தொலைபேசிக் கடைக்காரர் எடுத்தார். சீமோனைக் கூட்டிவர ஆள் விடுகிறேன், பத்து நிமிடத்தில் எடுங்கள் என்றார். மறுபடி எடுத்தபோது சீமோன் வந்திருந்தான். எமில்டா அவனுடைய குரலைக் கேட்டதும் தொலைபேசியை ஜெயரட்ணத்திடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்கோ."

"தம்பி, நான் வானொலியிலை இருந்து கதைக்கிறன். கடல் அமைதி எண்டு சொன்னது என்ரை கற்பனை."

"சாட்டிலைற்றிலை பாக்கிறியள் எண்டெல்லோ அக்கா சொன்னவ."

"அப்பிடி ஒண்டும் இல்லை."

"அப்ப இண்டைக்குப் போகலாமோ, ஏலாதோ?"

"தெரியாது தம்பி."

"சின்னவளுக்கு ரெண்டு வயசு அண்ணை," என்றான் சீமோன். பிறகு, "நாங்கள் நிக்கிறம்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

எமில்டா படியிறங்கிப் போனாள். ரோல்ஸ் பெட்டியைத் திருப்பி எடுத்துப்போயிருந்தால் ஜெயரட்ணத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை அவர் றியாத்தை வாசித்தார். மலைக்குக் கொழும்பின் எண்ணை வைத்து மட்டுக்கட்டித்தான் இவ்வளவு நாளும் சொன்னேன் என்றார். கடற்கரைக்கு வந்ததும், "மன்னார்க் கடலைப் பற்றி எனக்குத் தெரியாது. இதுவரை சொன்னதும் தெரியாமல் சொன்னதுதான்" என்று வாசித்தார். ஸ்ரௌவ்விலிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்து, இதைச் சொல்லவா காலங்காத்தாலை எழுப்பினனீர் என்று ஏசினார். விளம்பரக்காரரில் இரண்டு பேர் விலகினார்கள்.

எட்டு மணிக்குப் பிறகு எமில்டா தொலைபேசி எடுத்தாள்.

"அண்டைக்குப் போன வள்ளம் விடிய முன்னம் கரைசேந்திட்டுதாம். கடல் குளம் மாதிரிக் கிடந்ததாம்."

"சீமோன்?"

"அங்கைதான். செவ்வாய்க்கிழமை ஆமிக்காரர் வந்து ஆம்பிளையளைப் பிடிச்சுக்கொண்டு போனவங்களாம். இவனை ரெண்டு நாள் வைச்சிருந்து விட்டிட்டாங்கள். முதுகெல்லாம் அடியாம்."

"என்னாலைதான்."

"ஓம், உங்களாலைதான்," என்றாள். ஆறுதல் சொல்லுகிற எண்ணமே அவளுக்கு இருக்கவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

அவளே தொடர்ந்தாள். "வாற வியாழக்கிழமை இன்னொரு வள்ளம் போகுதாம். போகலாமோ எண்டு உங்களைக் கேக்கட்டாம்."

"என்னையோ? எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொன்னனான் எல்லோ."

"நானும் அதைத்தான் சொன்னனான். அதுக்கு அவன் சொல்லுறான், இந்த மூண்டு மாசத்திலை தனக்குத் தெரியாது எண்டு எங்களிட்டைச் சொன்ன ஒரே மனிசன் அவர்தான், அவரையே கேள் எண்டு."

அவள் தொலைபேசியை வைக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள்.